பத்து வருட வெக்கைக்கு எந்த வழி? மெனோபாஸும் கறுப்பினப் பெண்களும்

தென்கிழக்கு லண்டனில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் பதினொரு வருடமாக நிற்கிறேன். எங்கள் தெருவில் பாதிக்குப் பாதி கரீபியன், ஆப்பிரிக்கக் குடும்பங்கள். வயதில் மூத்த பெண்களை அவர்களும் நம்மைப்போலவே ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பேரனுக்குக் காய்ச்சல் சிரப் எல்லாம் என்னிடம் வாங்கும் இந்த ஆன்ட்டிகள், மெனோபாஸுக்கு, அதாவது மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளுக்கு, தோலில் ஒட்டும் ஹார்மோன் பேட்ச் வாங்கி நான் பார்த்தது ரொம்பக் குறைவு. அதற்கான சீட்டோடு வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். ஆன்ட்டிகள் கேட்பது தூக்கத்துக்கு ஏதாவது, கையில் பிடிக்கிற பேட்டரி விசிறி, மூலிகை மாத்திரை டப்பா.

ஒரு தெருவை வைத்து எதையும் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் இங்கிலாந்து முழுக்க நடுவயதுப் பெண்களின் மருத்துவப் பதிவுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அலசியபோதும் இதேதான் தெரிந்தது. ஹார்மோன் சிகிச்சை எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 23 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 5 சதவீதம், ஆசியப் பெண்களில் 6 சதவீதம். அந்த 6 சதவீதக் கணக்கில் நாமும் இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இந்தக் கட்டுரை நம்மைப் பற்றியது அல்ல.

என்னோடு வேலை பார்க்கும் தோழியைப் பற்றியது. ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம், லண்டனில் பிறந்தவள், வயது 51. ஒருநாள், மெனோபாஸில் திடீரென்று உடம்பெல்லாம் சூடேறுகிற வெக்கை தாங்காமல், ஸ்டோர் ரூமில் மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டு நின்றாள். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. “இதற்கு என்னென்ன வழி இருக்கிறது, எது எனக்குச் சரிவரும், நீயே சொல்” என்றாள். மருந்து போட்டுக் கொடுக்கிற காகிதப் பையின் பின்பக்கத்தில் இருவருமாக எழுதினோம். சும்மா இருப்பது, மூலிகை, ஹார்மோன், ஹார்மோன் இல்லாத மருந்து, பேச்சு சிகிச்சை. கடைசியில் அவள் இன்னொன்றைச் சேர்த்தாள்: “யாரிடம் போவது?” நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போகும்முன் என்ன யோசித்துக்கொண்டு போகலாம் என்பது மட்டும்தான் அந்தப் பையில் இருந்தது.

சும்மா இருப்பதன் விலை

எல்லாரும் முதலில் எடுக்கிற முடிவு இது. முடிவு என்றே யாரும் நினைப்பதில்லை. கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கொண்டால் போய்விடும் என்பார்கள்.

அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள்? அமெரிக்காவில் 1990களின் நடுவில் ஏழு ஊர்களில் 3,302 பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய ஸ்வான் என்ற ஆய்வு, அவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. அடிக்கடி வரும் வெக்கையும் இரவு வியர்வையும் எத்தனை வருடம் நீடித்தன என்று 2015இல் கணக்கு வெளியிட்டார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் நடு அளவு 7.4 வருடம். பிரித்துப் பார்த்தால் ஜப்பானிய வம்சாவளிப் பெண்களுக்கு 4.8, சீன வம்சாவளிக்கு 5.4, வெள்ளையினப் பெண்களுக்கு 6.5, ஹிஸ்பானிக் பெண்களுக்கு 8.9. கறுப்பினப் பெண்களுக்கு 10.1. நடு அளவு என்பதால், பாதிப் பேருக்கு அதற்கும் மேலே போயிருக்கிறது. போதாததற்கு, வெள்ளையினப் பெண்களைவிட சராசரியாக எட்டரை மாதம் முன்னதாகவே மாதவிடாய் நின்றுவிடுகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது.

ஏன் இப்படி? ரத்தத்தில் ஏதோ வித்தியாசம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1992இல் வேறொரு விளக்கம் சொன்னார். வெயிலும் மழையும் பட்டுப்பட்டுச் சுவர் அரிப்பதுபோல, பணக் கஷ்டமும் இனப் பாகுபாடும் நாள்தோறும் உடம்பைத் தேய்த்து, வயதுக்கு முன்பே மூப்பைக் கொண்டுவருகின்றன என்றார். அவர் அதைச் சொன்னது பிரசவத்தை வைத்து. மெனோபாஸ் ஆய்வாளர்கள் அதே விளக்கத்தைப் பிற்பாடு கையில் எடுத்தார்கள். ஸ்வானில் ஓர் ஓட்டையும் உண்டு. கருப்பையோ சினைப்பைகளோ எடுத்துவிட்ட பெண்களை அதில் சேர்க்கவில்லை. கறுப்பினப் பெண்களுக்குக் கருப்பையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டிகள் அதிகம். ஐம்பது வயதுக்குள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்று 2003இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கட்டிக்காகக் கருப்பையை எடுத்துக்கொள்பவர்களும் அவர்களில்தான் அதிகம். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஒரே நாளில், படியில் உருண்டு விழுவதுபோல மெனோபாஸ் வரும். ஆக, ரொம்பவும் அவதிப்பட்டவர்களில் பலர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

என் தோழியின் அம்மா 1960களில் கிங்ஸ்டனிலிருந்து வந்து இங்கே இரவு நேர நர்ஸாக இருந்தவர். கரீபியனிலிருந்து வந்த பெண்கள் இல்லாமல் இந்த நாட்டு அரசு மருத்துவமனைகள் அன்றைக்கு ஓடியிருக்காது. அந்த அம்மாவிடம், “மம்மி, உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று மகள் கேட்டதற்கு, “நாங்கள் எல்லாம் வேலையைப் பார்த்துக்கொண்டு போனோம்” என்று மட்டும் பதில் வந்தது. வலி தாங்கும் கறுப்பினப் பெண் என்று ஊர் போட்ட பட்டத்தை வீட்டிலும் சுமந்தவர்கள். அழக்கூடாது, உதவி கேட்கக்கூடாது, எல்லாரையும் தாங்க வேண்டும். இந்தக் கவசம் உடம்புக்கு என்ன செய்கிறது என்று ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே 2010இல் விரிவாக எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் ‘பொம்பளைன்னா பொறுத்துக்கணும்’ என்று சொல்லி வைத்தார்களே, அதன் பங்காளி.

சும்மா இருப்பது தப்பு என்று சொல்லவில்லை. பகலில் இரண்டு தடவை லேசாக வெக்கை வந்து போகிறது, தூக்கம் கெடவில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் என் தோழி இரவு மூன்று தடவை எழுந்து நைட்டி மாற்றுகிறாள். தலையில் சாட்டின் பானெட் கட்டிக்கொண்டு படுப்பாள், முடி உலராமல், உடையாமல் இருக்க. காலையில் அது ஊறிப் போயிருக்கும். சலூனில் காசு கொட்டி நேராக்கிய முடி ஒரே இரவில் வேரிலிருந்து சுருண்டுவிடும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மறுநாள் வேலைக்கு எந்தத் தலையோடு போவது என்பது கறுப்பினப் பெண்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. இப்படிப் பத்து வருடம் என்றால் அது பொறுக்கிற சமாச்சாரமா என்று பையில் ஒரு கேள்விக்குறி போட்டோம்.

மூலிகைப் பக்கம்

அம்மா சொன்ன ஒரே வைத்தியம் செரசி டீ. ஜமைக்காவில் எதற்கெடுத்தாலும் காய்ச்சிக் குடிப்பது. ஒருநாள் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. நம் பாகற்கொடிதான், அதன் காட்டு வகை, காய்ந்த இலையும் தண்டுமாக. குடித்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும் என்பது அங்கேயும் நம்பிக்கை. அதனால்தான் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைச் சேர்த்துக் குடித்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வெக்கைக்கு அது கேட்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

கடைகளில் விற்கும் பிளாக் கோஹோஷ், அமெரிக்கப் பூர்வகுடிகளின் மருந்தாக இருந்து அங்கிருந்து பரவியது. அமெரிக்காவின் மெனோபாஸ் சொசைட்டி 2023இல் ஹார்மோன் இல்லாத வழிகளை வரிசையாக எடைபோட்டபோது, இதையும் சோயா மாத்திரைகளையும் மற்ற சப்ளிமென்ட்டுகளையும் வெக்கைக்குப் பரிந்துரைக்கவில்லை. பிளாக் கோஹோஷால் அபூர்வமாக ஈரல் பாதிப்பு வந்ததாகவும் பதிவுகள் உண்டு. ஒரு டப்பா மாதம் இருபது பவுண்டு ஆகும். ஹார்மோன் மருந்துகளுக்கென்று 2023 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் ஒரு முன்பண அட்டை இருக்கிறது. அது ஒரு வருடத்துக்கே இருபது பவுண்டுக்குள்தான். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மருந்துச் சீட்டுக்குக் காசே இல்லை. இதைச் சொன்னால் கவுண்டரில் பல ஆன்ட்டிகளின் முகம் மாறும். யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

ஹார்மோன்: மாத்திரையா, பேட்ச்சா, ஜெல்லா

பையில் அதிக இடம் பிடித்தது இதுதான். வெக்கைக்கும் இரவு வியர்வைக்கும் இதைவிட நன்றாகக் கேட்கும் மருந்து இன்னும் வரவில்லை. மிஷெல் ஒபாமா 2020இல் தன் பாட்காஸ்ட்டில், அதிபரின் ஹெலிகாப்டரில் நிகழ்ச்சிக்குப் போகும்போது உள்ளே உலை மூட்டியதுபோல ஆனதையும், தான் ஹார்மோன் எடுத்துக்கொண்டதையும் சேர்த்தே சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் கடையில் இரண்டு பேர் முதன்முதலாக இதைப் பற்றி விசாரித்தார்கள்.

பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதை. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றில், ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுத்த பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடுகின்றன என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதும், அவர்களுக்குக் கொடுத்தது பழைய வகை மாத்திரை என்பதும் தலைப்பில் வரவில்லை. இன்றைக்கு பிரிட்டனில் டாக்டர்கள் காட்டும் கணக்கு இது: ஐம்பதுகளில் இருக்கும் ஆயிரம் பெண்களில் ஐந்து வருடத்தில் 23 பேருக்கு எப்படியும் மார்பகப் புற்றுநோய் வரும். இரட்டை ஹார்மோன் எடுத்தால் கூடுதலாக 4 பேர். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 4 பேர் குறைவு. அளவுக்கு மீறிய உடல் எடையால் கூடுவது 24 பேர். இந்த எண்களைப் பார்த்ததும் தோழி கேட்டாள், “இந்த ஆயிரம் பேரில் என்னைப்போல எத்தனை பேர்?” நியாயமான கேள்வி. கணக்கெடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினப் பெண்களுக்கு இளம் வயதிலேயே, அதுவும் வேகமாகப் பரவும் வகைப் புற்றுநோய் வருவது அதிகம். அதனால் குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைக்கும் தோல் வழியாகப் போகும் மருந்துக்கும் இடையில் தேர்வு சுலபம். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் ஈரல் வழியாகப் போகிறது, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. பேட்ச்சும் ஜெல்லும் வழக்கமான அளவில் அதைச் செய்வதில்லை. பிரஷர், கூடுதல் எடை, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இதில் எது இருந்தாலும் தோல் வழிதான் நல்லது. என் தோழிக்குப் பிரஷர் உண்டு, அம்லோடிபின் சாப்பிடுகிறாள். இங்கே கறுப்பினத்தவர்களுக்குப் பிரஷர் என்றால் பெரும்பாலும் முதலில் எழுதும் மாத்திரை அதுதான். அதற்கே முகம் காந்துகிற பக்கவிளைவு உண்டு. வெக்கைக்கு அதுவும் ஒரு பங்கு சேர்க்கிறதா என்று கேட்டுவிடு என்று பையில் எழுதினேன்.

கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்ட்ரோனும் வேண்டும், இல்லாவிட்டால் கருப்பை உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். கருப்பையை எடுத்தவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். ராத்திரி ஒரு காப்ஸ்யூலாகச் சாப்பிடும் புரொஜெஸ்ட்ரோன் லேசாகத் தூக்கமும் வரவைக்கும், நிறையப் பேருக்கு அது லாபம். ஃபைப்ராய்டு இருந்தால் ஈஸ்ட்ரோஜனில் அது கொஞ்சம் வளரக்கூடும். அதனால் மருந்து கூடாது என்று அர்த்தமில்லை, கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். ரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்களுக்கு கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் ஒன்றே இரண்டு வேலையும் பார்க்கும்.

சரி, அவள் பேட்ச்தான் தேர்ந்தெடுத்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றினால் போதும், மறக்காது. மூன்றாவது வாரம் சோர்ந்துபோய் வந்தாள். வெக்கை குறையவே இல்லை, ராத்திரி பழையபடியே. அவள் குடும்ப டாக்டர் (இங்கே ஜி.பி. என்பார்கள்) “ஒழுங்காக ஒட்டிக்கொள்கிறீர்களா?” என்று கேட்டாராம், பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்பதுபோல. ஒழுங்காகத்தான் ஒட்டுகிறாள். ஆனால் உரிந்து உரிந்து விழுகிறது. பொழுது விடிந்தால் பெட்ஷீட்டில் கிடக்கிறது. ஒட்டின ஓரத்தில் பஞ்சு சேர்ந்து, அவள் நிறத்தில் அது வெள்ளை வளையமாகப் பளிச்சென்று தெரிகிறது.

குளித்துவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே விநோதமாக இருந்தது. எல்லாரும் செய்வதைத்தான் செய்கிறாள். உடம்பு முழுக்கக் கோக்கோ பட்டர், குளிர்காலம் என்றால் ஷியா பட்டர். தோல் வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல வெளியே போவது அவர்கள் வீடுகளில் தலை வாராமல் போவதற்குச் சமம். குழந்தையிலிருந்து பழக்கம். எண்ணெய்ப் பசை இல்லாத உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும் என்று பேட்ச் அட்டைக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கிறது, எட்டாம் நம்பர் எழுத்தில். குளித்தபின் உடம்புக்கு என்ன பூசுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். பண்பாடு தெரிந்து சிகிச்சை தருவது என்று மாநாடுகளில் பெரிதாகப் பேசுகிறார்களே, எனக்கு அது இவ்வளவுதான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

பேட்ச்சில் இன்னொரு தொல்லை, பசை தோலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கறுத்த தோலில் அந்த இடம் மாதக்கணக்கில் தழும்பாகத் தங்கிவிடும். ஜெல்லில் அது இல்லை. ஆனால் தினமும் தடவ வேண்டும், காயவிட வேண்டும், அந்த இடத்தில் உடனே வேறு எதையும் பூசக்கூடாது. கோக்கோ பட்டரை விட முடியாது, ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அவள் ஜெல்லுக்கு மாறினாள்.

இதோடு ஒட்டி ஒன்று. பிறப்புறுப்பு வறட்சி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்பதற்கு உள்ளே வைக்கிற சின்ன ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தனி. அது உடம்பு முழுக்கப் பரவுவதில்லை என்றே சொல்லலாம். ஐம்பது தாண்டி, மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து இங்கே சீட்டு இல்லாமலே கடையில் தருகிறோம். கவுண்டரில் இதைக் கேட்க எந்த ஆன்ட்டியும் குரலை உயர்த்த மாட்டார். உள்ளே ஓர் அறை இருக்கிறது, கூப்பிட்டுப் பேசலாம்.

ஹார்மோன் வேண்டாம் என்றால்

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ஹார்மோன் மனசுக்கு ஒப்பாதவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் வெக்கையைக் குறைக்கும். பரோக்ஸெடின் 7.5 மில்லிகிராமை அமெரிக்காவில் 2013இல் இதற்கென்றே அனுமதித்தார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடக்கூடாது, அதன் வேலையைக் கெடுத்துவிடும். நம்பிக்கை என்று ஒன்றும் குறுக்கே வரும். “சபைக்குத் தெரிந்தால் எனக்கு மனநோய் என்பார்கள்” என்று ஓர் ஆன்ட்டி சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அது வெக்கைக்கும் எழுதும் மாத்திரை என்று அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

புதியது ஃபெசோலினெடன்ட். மூளையில் உடல் சூட்டைச் சீராக வைக்கும் இடத்திலேயே வேலை செய்கிறது, ஹார்மோன் இல்லை. அமெரிக்காவில் 2023 மே மாதம் அனுமதி கிடைத்தது. 2024 டிசம்பரில் ஈரல் பாதிப்பு பற்றிக் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையும் சேர்ந்தது. தொடங்கும் முன்பும், முதல் மூன்று மாதம் மாதாமாதமும், அப்புறம் ஆறாவது ஒன்பதாவது மாதமும் ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுக்கப் போகவர நேரமில்லாத, இரண்டு வேலை பார்க்கிற பெண்ணுக்கு இது நடைமுறையில் கஷ்டம் என்பது என் எண்ணம்.

பேச்சு சிகிச்சையை நான் லேசாக நினைத்திருந்தேன். நாலு முதல் ஆறு அமர்வு. வெக்கை வரும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது, அது வரும்போது படும் பாடு குறையும், தூக்கம் கொஞ்சம் சீராகும். ஹார்மோனுக்குப் பதிலாக இதைத் தள்ளிவிடுகிறார்களோ என்று இங்கே 2023, 2024இல் பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் வந்த அரசு வழிகாட்டி, மருந்தோடு சேர்த்தோ, மருந்து ஒத்துவராதவர்களுக்கோ இதுவும் ஒரு வழி என்றது. தோழி இதை இரண்டாவது இடத்தில் வைத்தாள், அதுவும் பேச்சைக் கேட்பவர் தன்னைப்போல ஒருவராக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு.

யாரிடம் போவது

மருந்துகளின் வரிசை பையில் முடிந்துவிட்டது. இந்தக் கடைசி வரிதான் முடியவில்லை. எந்த மருந்தும் இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டால்தான் கைக்கு வரும்.

அமெரிக்காவில் கேட்கத் தயங்குவதற்குப் பழைய காரணங்கள் இருக்கின்றன. பெண்கள் மருத்துவத்தின் தந்தை என்று சிலை வைக்கப்பட்ட ஜே. மேரியன் சிம்ஸ், 1840களில் அலபாமாவில் மயக்கமருந்து இல்லாமல் அறுவை சிகிச்சைகளைச் செய்து பழகியது அனார்க்கா, லூசி, பெட்சி என்ற அடிமைப் பெண்களின் உடம்பில். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அந்தச் சிலையை 2018 ஏப்ரலில்தான் எடுத்தார்கள். பழசு என்று ஒதுக்கவும் முடியாது. 2016இல் வர்ஜீனியாவில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, கறுப்பினத்தவர் தோல் தடிமன் என்பதுபோன்ற தப்பான நம்பிக்கைகளில் ஒன்றையாவது பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். இங்கிலாந்திலும் பிரசவத்தை ஒட்டி இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பிள்ளை பெறும்போது பேச்சு எடுபடாத இடத்தில், ஐம்பது வயதில் யார் திரும்பப் போய்ப் பேசுவார்கள்?

முதல் வாசல் ஜி.பி. காசில்லை, பக்கம். கிடைப்பது பத்து நிமிடம். 45 வயது தாண்டியவருக்கு ரத்தப் பரிசோதனை இல்லாமலே அறிகுறிகளை வைத்து முடிவு செய்யலாம் என்பது இங்குள்ள வழிகாட்டி. அதனால் ‘டெஸ்ட் எடுத்துவிட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால், அந்த வழிகாட்டியை மரியாதையாக நினைவூட்டலாம். முகம் சிவக்கிறதா என்று கேட்பார்கள். அவள் முகம் எப்போது சிவந்தது? ‘சிவக்காது, ஆனால் நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறுகிறது, மேலுதட்டில் வியர்வை பொட்டுப்பொட்டாகப் பூக்கிறது, ராத்திரி மூன்று நைட்டி மாற்றுகிறேன்’ என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். முடி கொட்டுகிறது என்றால் அதையும் தனியாகக் காட்ட வேண்டும். உச்சியில் தொடங்கி வட்டமாகப் பரவி, முடி வேரையே தழும்பாக்கிவிடும் ஒருவகைச் சொட்டை நடுவயதுக் கறுப்பினப் பெண்களுக்கு அதிகம். மெனோபாஸ் முடி உதிர்வு என்று தள்ளிப்போட்டால் அந்த முடி திரும்ப வராது.

இரண்டாவது வாசல் மெனோபாஸில் தனிப் பயிற்சி பெற்றவர். பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டியும் அமெரிக்க மெனோபாஸ் சொசைட்டியும் அப்படிப்பட்டவர்களின் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியல் எதற்கு என்றால், எல்லா டாக்டருக்கும் இது தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2019இல் அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டதில், மெனோபாஸைக் கையாளத் தயார் என்றவர்கள் 6.8 சதவீதம். இங்கே அரசு மருத்துவமனைச் சிறப்பு கிளினிக் என்றால் மாதக்கணக்கில் வரிசை, தனியார் என்றால் ஒரு தடவை பார்க்க இருநூறு, முந்நூறு பவுண்டு. ஃபைப்ராய்டு, பிரஷர், குடும்பத்தில் புற்றுநோய் என்று இரண்டு மூன்று சிக்கல் சேர்ந்திருந்தால் இந்த வரிசையில் நிற்பது தகும். இல்லாவிட்டால் தேவையில்லை. தோலுக்கடியில் ஹார்மோன் குண்டுமணி வைக்கிறேன், உனக்கென்றே கலந்து தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குப் போகவே வேண்டாம்.

மூன்றாவது வாசல் தன் நிறத்து டாக்டர். அப்படி வேண்டும் என்று கேட்பது சரியா? தோழி கூச்சத்தோடுதான் கேட்டாள். கேட்கலாம். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கறுப்பின டாக்டர் பார்த்தபோது கறுப்பின ஆண்கள் தடுப்புப் பரிசோதனைகளுக்கு அதிகமாக ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அமெரிக்க டாக்டர்களில் கறுப்பினத்தவர் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. கிடைக்கும் வரை காத்திருந்தால் பத்து வருடமும் அதிலேயே போய்விடும். கிடைத்தால் நல்லது, கிடைக்கும் வரை மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம் என்று எழுதினோம்.

நாலாவது வாசல் டாக்டரே இல்லாதது. லண்டனில் ஆசிரியையாக இருந்த கேரன் ஆர்தர், 2020இல் மெனோபாஸ் வைல்ஸ்ட் பிளாக் என்ற பாட்காஸ்ட்டைத் தொடங்கினார். நினா கைப்பர்ஸ் தொடங்கிய பிளாக் விமன் இன் மெனோபாஸ் அமைப்பும் இங்கே இருக்கிறது. அமெரிக்காவில் நார்த் கரோலினாவின் ஒமிசாடே பர்னி-ஸ்காட் 2019இலிருந்து இதே வேலையைச் செய்கிறார். இந்த வாசலில் மருந்து எழுதித் தர மாட்டார்கள். ஆனால் பேட்ச் விழுவதற்கு ஷியா பட்டர்தான் காரணம் என்று இவர்களில் யாராவது முதல் நாளே சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால் இங்கே தொடங்கி, அங்கே கிடைத்த சொற்களோடு முதல் வாசலுக்குப் போவது நல்லது. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அடுத்த தடவை அவளோடு நான் போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை, குறிப்பு நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அவசரப்படவில்லை.

ஜெல்லில் இப்போது நாலு மாதம். காலையில் குளித்துவிட்டு முதலில் இரண்டு தோளிலும் கையிலும் ஜெல், பிறகு கால்களுக்கு மட்டும் ஷியா பட்டர். கை காயும் வரை சோளக்கொல்லை பொம்மைபோல இரண்டையும் விரித்துக்கொண்டு நிற்பாளாம். அந்த நேரத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவோடு பேசுவாள். போன வாரம் அந்த அம்மா, “அது எப்படி, வாசனை அடிக்குமா?” என்று விசாரித்திருக்கிறார். அடிக்காது மம்மி என்றிருக்கிறாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அவராகவே சொன்னாராம், வார்டில் நைட் டியூட்டியின்போது லினன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பாராம், குளிர்ச்சிக்காக.

“எத்தனை நாள்?”

“பன்னிரண்டு வருஷம்.”